மஞ்சள் பூசியதெல்லாம் தபால் வண்டியா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவோர் உண்டு. இசையைப் பற்றிப் பேசுவோர் உண்டு. நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளோ ஒரு குட்டி மோட்டார் வண்டி. அதுவும், ஜெர்மனி நாட்டில் கடிதம் சுமந்து திரிந்த வண்டி. காலனியில் வாழும் தமிழருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் வியக்கலாம். சம்பந்தம் இரண்டு வகையில் உண்டு. ஊரை விட்டு வந்து, ஊர்க் கடிதத்திற்காகப் பல ஆண்டு வாசல் பார்த்து நின்ற குடும்பங்கள் நம்முடையவை. எந்நாட்டுத் தபால் வண்டியாயினும் அதன்மேல் நமக்கு ஒரு பாசம் உண்டாவது இயல்பே. இது முதலாவது. பழம்பொருள்களைத் துலக்கிப் புதுக்கி வைக்கும் வழக்கம் இன்று எங்கும் பெருகியுள்ளது. நம் பிள்ளைகள் புத்தகத்தில் படிப்பதைவிட, கையிலுள்ள தொலைபேசியில் காணும் இத்தகைய பொருள்களின் படங்களைக் கொண்டே பழங்காலத்தை அறிந்துகொள்கின்றனர். புதுக்கியவர் செய்த பிழை, பார்த்தவர் மனத்தில் சரித்திரமாகவே பதிந்துவிடுகிறது. இது இரண்டாவது. ஆகவே, புதுக்கப்பட்ட பழைய தபால் வண்டி ஒன்றில் சரித்திரப் பிழையை எவ்வாறு கண்டறிவது, கண்டறிவதனால் பயன் யாது என்னும் இரண்டையும் இங்கே ஆராய்வோம்.

முதலில் வண்டியின் வரலாற்றைச் சற்றே பார்ப்போம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ஜெர்மனியில் பொருள் முடை மிகுந்திருந்தது. முழு அளவுள்ள கார் வாங்க வசதியற்றோர் மோட்டார் சைக்கிளில் மழையிலும் பனியிலும் நனைந்து சென்றனர். அவர்களுக்கென்று பிறந்தவையே குட்டிக் கார்கள். மெஸ்ஸர்ஷ்மிட், ஹைங்கல், இஸெட்டா எனப் பல பெயர்களில் அவை வெளிவந்தன. பவேரியா மாகாணத்து டிங்கோல்ஃபிங் என்னும் ஊரில் விவசாய இயந்திரங்கள் செய்துவந்த ஹான்ஸ் கிளாஸ் நிறுவனத்தார், 1951-இல் ஸ்கூட்டர் செய்யத் தொடங்கி, 1955-இல் 'கோகோமொபில்' என்னும் குட்டிக் காரை விற்பனைக்குக் கொணர்ந்தனர். 'கோகோ' என்பது அக்குடும்பத்துப் பேரக் குழந்தை ஒன்றின் செல்லப் பெயர். பின்புறத்தில் இரண்டு சிலிண்டர் கொண்ட சிறு எஞ்சின், எண்ணெய் கலந்த பெட்ரோலில் ஓடுவது, காற்றினாலேயே குளிர்வது. அதன் அளவை 250 கன சென்டிமீட்டருக்குள் அடக்கியதற்கும் காரணம் உண்டு. அவ்வளவுக்கு உட்பட்ட வண்டிகளை ஓட்டுவதற்கு, பலரிடம் இருந்த பழைய நான்காம் வகுப்பு உரிமமே போதுமானதாயிருந்தது.

இந்தக் காரின் உறுப்புகளைக் கொண்டே சரக்கு ஏற்றும் பெட்டி வண்டி ஒன்றையும் அந்நிறுவனத்தார் செய்தனர். அதன் கதவுகள் பக்கவாட்டில் நகர்பவை. குறுகிய தெருவில் நொடிக்கொரு முறை இறங்கி ஏறும் சிப்பந்திக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? 1950-களின் பிற்பாதியில் தொடங்கி 1965 வரை இத்தகைய பெட்டி வண்டிகள் சுமார் 3,600 செய்யப்பட்டன. அவற்றுள் 2,000-க்கு மேற்பட்டவற்றை மேற்கு ஜெர்மனியின் தபால் இலாகாவே வாங்கிற்று. 1966-இன் இறுதியில் கிளாஸ் நிறுவனம் பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் கைக்குச் சென்றது. கோகோமொபில் கார் 1969-இல் நின்றுபோயிற்று.

இந்த எண்களைச் சற்றே கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டுகிறோம். 3,600-இல் தபால் இலாகாவுக்குச் சென்றவை 2,000-க்குச் சற்று மேல். எஞ்சிய ஆயிரத்து ஐந்நூறு எங்கே சென்றன? கடைக்காரர், கைத்தொழிலாளர் முதலிய மற்றையோரிடம் சென்றன. ஆனால் இன்று இவ்வண்டியின் படங்களைத் தேடினால், மஞ்சள் வண்ணம் தீட்டித் தபால் கொம்பு வரைந்தவையே கண்ணில் மிகுதியும் படுகின்றன. தபால் வண்டி என்றால் பார்ப்பவருக்கு ஓர் உவகை. விற்பவருக்கும் நல்ல விலை. ஆகவே வண்டியின் பூர்விகம் எதுவாயினும் மஞ்சள் பூசிவிட வேண்டும் என்ற ஆசை எழுவது எளிது. அக்கடைக்காரனும் ஒரு காலத்தின் பிரதிநிதிதான். அவனுடைய வண்டியில் மஞ்சளைப் பூசும்போது, ஒரு பொய்யான தபால் வண்டி பிறக்கிறது. ஒரு மெய்யான கடை வண்டி மறைகிறது. இழப்பு இரட்டிப்பாகிறது.

எனவே முதற் கேள்வி, "வண்ணம் சரியா?" என்பதன்று. "இது தபால் வண்டிதானா?" என்பதே. இதற்கு விடை தருவன காகிதங்களும் தகடுகளும். அடிச்சட்டத்தில் பொறித்த எண், எஞ்சின் எண், முதற் பதிவுப் பத்திரம், இலாகா விற்றபோது கொடுத்த சீட்டு ஆகியவை ஒன்றோடொன்று ஒத்துச் செல்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். பார்சல் ஆபீஸில் மூட்டையின் மேலுள்ள குறியும் சீட்டிலுள்ள குறியும் ஒத்தாலன்றி மூட்டையை ஒப்படைப்பதில்லை. மூட்டை எவ்வளவு அழகாகக் கட்டப்பட்டிருந்தாலும் அதுவே விதி. வண்டிக்கும் அவ்விதியே பொருந்தும்.

காகிதம் கிடைக்காதபோது வண்டியின் உடலே சாட்சி சொல்லும். கதவின் உட்புறம், தரை விரிப்பின் அடி, கருவிப் பலகையின் பின்புறம் ஆகிய இடங்களில் தூரிகை எளிதில் எட்டாது. அங்கே பழைய வண்ணம் ஒட்டிக்கொண்டிருக்கும். திறமையுள்ளோர் ஓரிடத்தில் வண்ணத்தை மெல்லத் தேய்த்து, அடுக்கடுக்காக வட்டங்கள் தோன்றுமாறு செய்வர். வெங்காயத்தைக் குறுக்கே அரிந்தாற்போல ஒவ்வொரு காலத்து வண்ணமும் வரிசையாகத் தெரியும். அடியில் நீலமிருந்து மேலே மட்டும் மஞ்சளிருந்தால், அம்மஞ்சள் நேற்று வந்தது. அடியில் மஞ்சளிருந்து மேலே நீலமிருந்தால், இலாகாவின் பணி முடிந்து பிறர் கைக்கு மாறிய வண்டியாக இருக்கக்கூடும்.

இரண்டாவதாக, மஞ்சள் என்றால் எந்த மஞ்சள்? ஜெர்மனியில் நாஜி ஆட்சி நடந்த 1930-களில் தபால் பெட்டிகளுக்கும் வண்டிகளுக்கும் சிவப்பு வண்ணம் விதிக்கப்பட்டது. போர் முடிந்தபின் 1946-இல் மீண்டும் மஞ்சள் வந்தது. கோகோமொபில் ஓடிய காலத்து மஞ்சள் சற்று அடர்ந்தது. தேனின் நிறத்தை ஒத்தது. 'ரால்' எனப்படும் ஜெர்மானிய வண்ணப் பட்டியலில் அதன் எண் 1005. பிற்காலத்தில் அதனினும் பளிச்சென்ற வேறொரு மஞ்சள் வழக்கத்திற்கு வந்தது. அதன் எண் 1032. இன்று கடையில் 'தபால் மஞ்சள்' என்று கேட்டால் பின்னதையே எடுத்துத் தருவர். ஆகவே 1958-ஆம் ஆண்டு வண்டி பளிச்சென்று மின்னினால், அழகில் குறையில்லை; காலத்தில் குறையுண்டு.

மஞ்சளே அல்லாத வண்டிகளும் அவ்விலாகாவில் இருந்தன என்பதை மறத்தல் ஆகாது. தொலைபேசிக் கம்பிகளைப் பழுது பார்க்கும் பகுதியினரின் வண்டிகள் நெடுங்காலம் சாம்பல் நிறத்தன. அந்நாளைய படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்கள். அவற்றில் மஞ்சளும் சாம்பலும் ஏறக்குறைய ஒன்றே போலத் தோன்றக்கூடும். படத்தை மட்டும் நம்பி வண்ணம் தீட்டுவோர் ஏமாறும் இடம் இது.

மூன்றாவது, எழுத்து. 1950 முதல் மேற்கு ஜெர்மனியின் இலாகாவிற்கு 'டாய்ச்சே புண்டஸ்போஸ்ட்' என்பது பெயர்; கூட்டரசின் தபால் என்பது பொருள். கிழக்கு ஜெர்மனியிலோ வெறுமனே 'டாய்ச்சே போஸ்ட்' என்று வழங்கினர். 1995-இல் மேற்கின் இலாகா தனி நிறுவனங்களாகப் பிரிந்தபோது, கடிதப் பகுதிக்கு 'டாய்ச்சே போஸ்ட்' என்ற பெயரே வந்து சேர்ந்தது. இப்போது 1960-ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனி வண்டி ஒன்றில் 'டாய்ச்சே போஸ்ட்' என்று எழுதினால் என்ன ஆகும்? அவ்வண்டி, எல்லைக்கு அப்பாலுள்ள வேறோர் அரசின் வண்டியாகிவிடும். அல்லது முப்பத்தைந்து ஆண்டு முன்னதாகவே பிறந்துவிட்ட ஒரு நிறுவனத்தின் வண்டியாகிவிடும். நடுவிலிருந்த ஒரு சொல் போனதனால் ஒரு நாடே மாறிப்போகிறது. சின்னத்திலும் இவ்வாறே. பழைய கொம்புச் சின்னத்தின் ஓரங்களில் மின்னற் கோடுகள் உண்டு. தந்தியும் தொலைபேசியும் அதே இலாகாவின் கீழ் இருந்ததற்கு அவை அடையாளம். அவற்றை விட்டுவிட்டுக் கொம்பை மட்டும் வரைவது பிற்காலத்து வழக்கம்.

நான்காவது, எண்கள். அவ்விலாகாவின் வண்டிகளுக்கு 'பி.பி.' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண் இருந்தது. அடுத்து, ஊர்க் குறியீட்டு எண். மேற்கு ஜெர்மனியில் நான்கிலக்கக் குறியீடு 1961-இல் வந்தது; ஐந்திலக்கக் குறியீடு 1993 ஜூலை முதல் நாளில் வந்தது. வண்டியின் பக்கத்தில் அலங்காரமாக ஒட்டிய முகவரியில் ஐந்திலக்கம் கண்டால், 1958-இல் ஓடிய சிப்பந்தி அதைப் பார்த்துத் திகைத்திருப்பான். நம் நாட்டிலும் இதற்கு ஒப்புமை உண்டு. ஆறிலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்டு 15-இல் வந்தது. ஆகவே 1965-ஆம் ஆண்டுக் கடிதம் என்று காட்டப்படும் உறையில் பின்கோடு இருந்தால், கடிதத்தைப் படிக்குமுன்பே ஐயம் கொள்ளலாம்.

காலம் மட்டுமன்று, இடமும் பிழைக்கு வழி வைக்கும். இங்கிலாந்தின் தபால் இலாகா 1953 முதல் மாரிஸ் மைனர் என்னும் சிறு வண்டியைப் பெருவாரியாக வாங்கிற்று. கோகோமொபிலைப் போல அத்துணைக் குட்டி வண்டியன்று எனினும் சிறு வண்டியே. நெருக்கடியான இடங்களில் இடித்து நசுங்காதிருக்க, தொடக்க கால வண்டிகளுக்கு ரப்பரால் ஆன முன் மட்காடுகளை அமைத்து, விளக்குகளை அவற்றின் மேல் தனியே பொருத்தினர். பிற்காலத்து இரும்பு மட்காடுகளை அத்தகைய வண்டியில் மாட்டிவிட்டால், அதன் தனித்தன்மை பறிபோகும். அதே இலாகாவின் தொலைபேசி வண்டிகள் 1960-களின் இறுதி வரையில் பச்சை, பின்னரே மஞ்சள். இவற்றினும் சுவையானது முத்திரைப் பிரச்சினை. இரண்டாம் எலிசபெத் அரசியார் 1952-இல் பட்டமெய்தியபோது, "ஸ்காட்லாந்தை எலிசபெத் என்ற பெயருள்ள அரசி எவரும் முன்பு ஆண்டதில்லையே, இவரை எவ்வாறு இரண்டாமவர் என்பது?" என்று அங்குள்ளோர் எதிர்ப்புத் தெரிவித்தனர். எடின்பரோ நகரில் அரசியாரின் முத்திரை பொறித்த புதிய தபால் பெட்டி ஒன்று 1953 பிப்ரவரியில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. அதன்பின் ஸ்காட்லாந்தின் தபால் பெட்டிகளிலும் வண்டிகளிலும் ஸ்காட்லாந்து மகுடம் மட்டுமே இடம் பெற்றது. ஆகவே லண்டனில் சரியான ஒரு முத்திரை, எடின்பரோ வண்டியில் பிழையாகும். வண்ணம் தீட்டுபவர் அறியாமல் செய்த அச்சிறு பிழை, ஒரு மக்களின் எதிர்ப்பையே இல்லாததாக்கிவிடும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகக் கூற வேண்டும். மாற்றம் எல்லாம் பிழையன்று. சாலையில் ஓட்ட வேண்டிய வண்டிக்கு நல்ல டயர் வேண்டும். நல்ல பிரேக்கு வேண்டும். ஜெர்மனியில் முப்பது ஆண்டு கடந்த பழைய வண்டிகளுக்கு, 1997 முதல் 'எச்' என்ற எழுத்துடன் முடியும் பதிவெண் தரப்படுகிறது. தனியார் ஒருவரின் வண்டி பழைய 'பி.பி.' எண்ணை மாட்டிக்கொண்டு சாலையில் செல்ல முடியாது. ஆகவே புதிய எண் இருப்பது குற்றமாகாது. உயிருக்குப் பாதுகாப்பாகவும் சட்டத்திற்குக் கட்டுப்பட்டும் செய்த மாற்றம் ஒரு வகை. அழகுக்காகவும் விலைக்காகவும் செய்துவிட்டு, "ஆதியில் இவ்வாறே இருந்தது" என்று கூறுவது வேறு வகை. முன்னதை மன்னிக்க வேண்டிய தேவையே இல்லை, பின்னதை மறைக்கலாகாது. சிறு எஞ்சினை நீக்கி அதனினும் பெரிய எஞ்சினைப் பொருத்தியவர், அதை வெளிப்படையாக எழுதி வைத்துவிட்டால் அவர் மேல் பழியில்லை. எழுதாது விடுவது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு ஒப்பாகும்.

"சொந்தப் பணத்தைச் செலவிட்டு, துருப்பிடித்துக் கிடந்த வண்டிக்கு உயிர் கொடுத்தவரிடம் போய், மஞ்சள் சரியில்லை, கொம்பு சரியில்லை என்று சொல்வது முறையா?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அவர் இல்லையேல் அவ்வண்டி பழைய இரும்புக் கடைக்குச் சென்றிருக்கும். அவர் நம் நன்றிக்கு உரியவர். ஆயினும் ஓர் உண்மையைக் கருத வேண்டும். கட்டுரையில் பிழை நேர்ந்தால் அடுத்த பதிப்பில் திருத்தலாம். வண்டியில் பழைய வண்ணத்தை முழுதும் சுரண்டி எறிந்துவிட்டால், அது திரும்ப வராது. அவ்வண்ணந்தான் மூல ஆவணம். அது போனபின், பிழையாகப் புதுக்கிய வண்டியையே மாதிரியாகக் கொண்டு அடுத்தவர் புதுக்குவார். அதன் படத்தைப் பார்த்து விளையாட்டுப் பொம்மை செய்பவர் பொம்மை செய்வார். அப்பொம்மையைக் கண்டு நாளைய சிறுவன் சித்திரம் வரைவான். நகலுக்கு நகல் எடுத்த சீட்டைப் போல, பிழை பெருகுமேயன்றிக் குறையாது.

இக்கவலை இன்று நேற்று தோன்றியதன்று. நம் சோழ நாட்டுத் திருமழபாடித் திருக்கோயிலில், முதலாம் இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். பிரிக்குமுன் சுவர்களில் இருந்த கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் படியெடுக்கச் செய்தான். இராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில் அவை புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. புதுக்குவது வேறு, பழைய சாட்சியை அழிப்பது வேறு என்பதை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே உணர்ந்து நடந்த முறை இது. பழைய வண்டிகளுக்கான சர்வதேசச் சம்மேளனமும் 'டூரின் சாசனம்' என்ற ஒன்றை 2012-இல் ஏற்றுக்கொண்டது. முடிந்தவரை உள்ளதைக் காத்தல் வேண்டும், மாற்றியதைக் குறித்து வைத்தல் வேண்டும் என்பன அதன் சாரம். கல்லுக்குச் சொன்ன நீதி தகரத்திற்கும் பொருந்துகிறது.

பிழை கண்டவர் அதைக் கூறும் முறையையும் சொல்லிவிடுவோம். கூட்டத்தின் நடுவில் உரியவரை நாணச் செய்வது தகாது. "ஐயா, இந்த எழுத்தை எந்தப் படத்தைப் பார்த்து எழுதினீர்கள்? அது எந்த ஆண்டுப் படம்?" என்று தனியே, தன்மையாகக் கேட்டாலே போதும். அவரிடம் நாம் காணாத ஆதாரம் இருக்கலாம். இருந்தால் நமக்குப் பாடம். இல்லாவிட்டால் அவருக்குப் பயன். வண்டியை மறுபடி வண்ணம் தீட்ட வேண்டும் என்பதும் இல்லை. பக்கத்தில் ஒரு சிறு பலகை: "இவ்வண்டி 1959-இல் செய்யப்பட்டது, தபால் வண்ணம் பின்னர் தீட்டப்பட்டது." இரண்டு வரி எழுதினால், பொய் மெய்யாகிவிடும். செலவு மிகச் சிறிது.

நம் சங்கத்திற்கும் இதிலொரு செய்தி உண்டு. நம் வீடுகளில் பழைய உறைகள், இன்லாண்டுக் கடிதங்கள், மணியார்டர் கூப்பன்கள், தந்திகள், புகைப்படங்கள் கிடக்கின்றன. தபாலும் தந்தியும் ஒரே இலாகாவாக இருந்தது 1985 வரை. தந்தி சேவையே 2013-இல் நின்றுவிட்டது. இவற்றை அறியாத பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர். இப்போது பழைய படங்களுக்கு வண்ணம் ஏற்றவும், கிழிசலை மறைக்கவும், நின்றவரை நகர்த்தவும் கருவிகள் வந்துவிட்டன. பாட்டியாரின் சேலைக்குக் கருவி பச்சை என்று வண்ணம் ஏற்றும். அவர் உடுத்தியது அரக்காக இருந்திருக்கும். அதைச் சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராக நம்மை விட்டுப் போய்க்கொண்டிருக்கின்றனர். ஆகவே மாதர் சங்கத்தாருக்கும் இளைஞருக்கும் ஒரு வேண்டுகோள். படத்தை அழகுபடுத்துமுன் அதன் பின்புறத்தில் ஆண்டு, ஊர், நின்றவர் பெயர் ஆகிய மூன்றையும் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். மூலத்தை அப்படியே பேணி, மாற்றியதைத் தனியே வையுங்கள்.

பழைய தபால் வண்டி அழகுக்காகச் செய்யப்பட்டதன்று. விடியற்காலையில் குளிரில் எழுந்த ஒரு சிப்பந்தி, புகையும் இரைச்சலும் மிகுந்த அச்சிறு பெட்டியில் ஏறியும் இறங்கியும் பிறருடைய நலச் செய்தியையும் துயரச் செய்தியையும் கொண்டு சேர்த்தான். அவன் உழைத்த வண்டி எவ்வாறு இருந்ததோ அவ்வாறே அதைக் காட்டுவது, பெயர் தெரியாத அவனுக்கு நாம் செலுத்தும் மரியாதை. கடிதத்தை மாற்றி எழுதாமல் உரியவரிடம் சேர்த்தவன் அவன். அவனுடைய வண்டியையும் மாற்றி எழுதாமல் அடுத்த தலைமுறையிடம் சேர்ப்பது நம் கடமை.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!